மறு: ‘கொத்துத் தலைவலி’ வேண்டாம், ‘முறைத் தலையிடி’ சரிவருமா?

வணக்கம் எல்லாருக்கும், நாங்கள் தமிழாக்கிற தலையிடிக் கைநூலில ‘கிளஸ்டர் ஹெட்ஏக்’ (cluster headache) எண்ட வருத்தத்துக்கு என்ன பேர் வைக்கிறது எண்ட கதைக்குத்தான் இந்த மறுமொழி.

> கிளஸ்டர் எண்டா கொத்து. கொத்துத் தலைவலி எண்டே போட்டு விடுவம், கைநூல் அச்சுக்குப் போகோணும்.

அண்ணை, அவசரம் விளங்குது, ஆனா திருகோணமலையில இருந்து கொஞ்சம் முரண்டு பிடிக்கிறன். இஞ்ச கொத்து எண்டா ஒண்டில் ராச்சாப்பாட்டுக் கொத்துரொட்டி, இல்லாட்டி கொத்துக்குண்டு. அந்த ரெண்டாவதைக் கேட்டு வளர்ந்த சனத்திட்ட அதே சொல்லை வருத்தத்துக்கும் குடுக்க எனக்கு மனமில்லை.

அதை விடுங்கோ, அர்த்தமே பிழைக்குது. கொத்து எண்டது ஒரு இடத்தில சேர்ந்து கிடக்கிறது, மாங்காய்க் கொத்து, திறப்புக் கொத்து மாதிரி. வாசிக்கிறவர் தலையில நாலைஞ்சு இடத்தில சேர்ந்து நோகுமாக்கும் எண்டு நினைப்பார். ஆனா இது எப்பவும் ஒரு பக்கம், ஒரு கண்ணைச் சுத்தித்தான். இதில சேர்ந்து வாறது காலம். சில கிழமை, சில மாசம் விடாம வரும், பேந்து கனபேருக்கு மாசக்கணக்கா, சிலருக்கு வருசக்கணக்கா ஒண்டுமே இருக்காது.

தம்பலகாமத்தில என்ர பெரியப்பாக்கு இது இருந்தது. ராவில ரெண்டு மணி எண்டா எழும்பிடுவார், மணிக்கூடு பாக்கத் தேவையில்லை. இடது கண் சிவந்து தண்ணி ஓடும், அந்தப் பக்க மூக்கும் ஓடும், இமை சரிஞ்சிடும், மனுசன் இருக்க ஏலாம முத்தத்தில அங்கயும் இஞ்சயும் நடந்து தென்னை மரத்தில தலையை முட்டுவார், ஒரு மணித்தியாலத்தில எல்லாம் விட்டுடும், காலமை வயலுக்குப் போய் நிப்பார். பாத்தவை பேய் எண்டிச்சினம், பீனிசம் எண்டு ஆவி பிடிச்சது, பல்லு ஒண்டும் புடுங்கினது, கன்னியாவில ஏழு சுடுதண்ணிக் கிணத்திலயும் அள்ளி வாத்தது. கடைசியா ஒரு டொக்டர்தான் கேட்டார், ‘தலையிடி வரேக்க படுப்பியளோ நடப்பியளோ?’ எண்டு. அந்த ஒரு கேள்விதான். மைக்ரேன்காரர் வெளிச்சம் சத்தம் பிடிக்காம இருட்டறையில அசையாமக் கிடப்பினம், மருந்தில்லாட்டி 4 மணித்தியாலத்தில இருந்து 72 வரைக்கும் இழுக்கும். இது 15 நிமிசத்தில இருந்து 3 மணித்தியாலம், ஆனா ஒரு நாளில எட்டுத் தரம் வரைக்கும் வரலாம், ஆளை இருக்க விடாது. மூளைக்குள்ள ஹைப்போதலமஸ் எண்ட இடத்துக்கு இதில பங்கிருக்கு, உடம்பின்ர மணிக்கூடு அதோட சேர்ந்ததுதான், அதாலதான் நேரம் தப்பாம வருது எண்டு நினைக்கினம். முகமூடி போட்டு தனி ஒட்சிசன் குடுத்தா கனபேருக்கு 15 நிமிசத்தில அடங்கும், வழமையான நோக்குளிசை வேலை செய்யத் தொடங்க முந்தியே அந்தத் தரம் முடிஞ்சிடும்.

இப்பிடி நேரம் வைச்சு வந்து வந்து போறதுக்கு எங்களிட்ட ஏற்கனவே ஒரு சொல் இருக்கு, முறைக்காய்ச்சல். மலேரியாவை அம்மம்மா அப்பிடித்தான் சொல்லுவா. அதே அச்சில முறைத் தலையிடி எண்டு வைப்பமே?

அதோட டென்ஷன் தலையிடியை ‘மன அழுத்தத் தலைவலி’ ஆக்கினதையும் மாத்தோணும். தலையைச் சுத்திப் பட்டி கட்டி இறுக்கின மாதிரி நோகிறதுதான் அதின்ர குணம், கவலை ஒரு காரணம் மட்டும். இறுக்கத் தலையிடி போதும்.

---

தம்பி, முறை நல்லாத்தான் கிடக்கு. ஆனா 2016ல இலங்கையை மலேரியா இல்லாத நாடெண்டு அறிவிச்சாச்சு, இப்பத்தைய பிள்ளையளுக்கு முறைக்காய்ச்சல் எங்க தெரியப்போகுது? மற்றது, ஒரு நிமிசத்துக்குள்ள உச்சத்துக்கு ஏறுற தலையிடி ஒண்டு பட்டியலில இருக்கு, மூளையைச் சுத்தி ரத்தம் கசிஞ்சாலும் அப்பிடி வரும், உடனே ஆஸ்பத்திரி. இங்கிலிசில தண்டர்கிளாப் (thunderclap) எண்டிறதை ‘இடித் தலைவலி’ எண்டு போட்டிருக்கினம். நாங்கள் தலைவலி சொல்லுறேல்லையே, தலையிடிக்கு முன்னால இன்னொரு இடியோ?

---

அக்கா, சிரிச்சுப்போட்டன். இடி சத்தத்தைத்தான் ஞாபகப்படுத்தும், வெடி எண்டாலும் சரிவராது, வெயிலுக்குப் போட்டு வந்தாலே தலை வெடிக்குது எண்டுதான் சொல்லுறம். அங்க பாக்கவேண்டியது வேகம். ‘நொடித் தலையிடி’ எண்டு வைச்சா, நொடியில வந்ததோ எண்டு நேர்ஸ் கேக்கவும் லேசு.

மலேரியா மறந்தாலும் முறை மறக்காது. கந்தளாய்க் குளத்துத் தண்ணி முறை வைச்சுத்தானே வயலுக்கு வருது, 2022ல கரண்டும் முறை வைச்சுத்தானே வெட்டினவங்கள். மைக்ரேனும் திரும்பத் திரும்ப வருதுதானே எண்டு ஆரும் கேட்டா, வரும், ஆனா இப்பிடி நேரம் சொல்லி வராது.

கிளஸ்டர் பீரியட், அதாவது தலையிடி விடாம வாற அந்தச் சில கிழமை, சில மாசம், அதுக்குத்தான் இன்னும் சொல் இல்லை. நான் யோசிச்சுக்கொண்டிருக்க பெரியப்பாட்டக் கேட்டன், நீங்கள் அந்த ரெண்டு மாசத்தை என்னெண்டு சொல்லுவியள் எண்டு. ‘போகம்’ எண்டார். ‘இந்தப் போகம் முடிஞ்சுது, இனி அடுத்த போகம்தான்.’ தலையிடிப் போகம் எண்டு போடலாமோ, சிரிப்பினமோ? அண்ணை சொல்லட்டும்.