புதுப்பிப்பு: சாந்த் மாரி த லா மேர் தேவாலயம் பார்த்தாச்சு

பிரான்சின் தென்கடலோரம், காமார்க் சதுப்பு நிலத்தில் உள்ள இந்தத் தேவாலயத்துக்குப் போகப்போவதாக எழுதியிருந்தேன். உள்ளே கிணறு இருப்பது உண்மையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உண்மைதான், நடுக்கூடத்திலேயே இருக்கிறது. கடற்கொள்ளையர் வந்தால் ஊரே உள்ளே புகுந்து கதவடைத்துக்கொள்ள, 12ஆம் நூற்றாண்டில் கோட்டை மாதிரி எழுப்பிய கட்டடம். வெளியே போக முடியாதபோது குடிக்க அந்தத் தண்ணீர்.

ஆனால் என்னை அசையவிடாமல் நிறுத்தியது கீழே உள்ள நிலவறை. அங்கே கறுத்த முகத்துடன் சாராவின் சிலை. ஐரோப்பாவில் ஜிப்சிகள் என்றும் அழைக்கப்படும் ரோமா மக்கள் உயிராய் நேசிக்கும் காவல் அன்னை அவள். அங்கிக்கு மேல் அங்கியாக, பட்டும் ஜரிகையுமாகச் சாத்தியிருப்பதால் முகம் மட்டும்தான் தெரிகிறது. மெழுகுவத்திகளின் வெக்கை தாங்கவில்லை. திருச்சபை அவளை முறைப்படி புனிதராக அறிவித்ததில்லை. அதனால் பக்தி கொஞ்சமும் குறையவில்லை. ரோமா மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதை நினைக்காமல் அங்கே நிற்கவே முடியாது. மே 24 அன்று அவளைத் தோளில் சுமந்து கடலுக்குள் இறங்குகிறார்கள். முடிந்தால் அப்போது போங்கள்.

அப்புறம், கூரை. தனிக் கட்டணம், குறுகலான படி. ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு. தவறவிடாதீர்கள்.