‘காட்பாடி வீட்டார்’ குழு: வெள்ளிக்கிழமை டயாலிசிஸை விட்டுவிடலாமா?

சரோஜா, காலை 6.42
நடராசன் அண்ணா, வரும் வெள்ளிக்கிழமை ஆம்பூரில் நம் பெண்ணுக்கு முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிடும் என்றாலும், தாய்மாமன் இல்லாமல் எந்தச் சடங்கும் நகராது என்பதால் நீங்கள் அன்று முழுவதும் மண்டபத்தில் இருக்க வேண்டியிருக்கும். அது உங்களுக்கு டயாலிசிஸ் நாள் என்று அண்ணி நேற்று சொன்னார். அந்த ஒரு முறையை விட்டுவிட்டு, திங்கட்கிழமை சேர்த்துச் செய்துகொள்ள முடியுமா?

குமரேசன், காலை 6.55
ஒரு முறை விட்டால் ஒன்றும் ஆகாது அக்கா. சத்துவாச்சாரியில் எங்கள் தெருக்காரர் ஒருவர் ஆரம்பத்திலிருந்தே வாரம் இரண்டு முறைதான் செய்துகொள்கிறார்; தினமும் தானே வண்டி ஓட்டிக் கடைக்குப் போய் வருகிறார். அண்ணனுக்கு மட்டும் ஏன் மூன்று முறை என்பதே எனக்கு விளங்கவில்லை.

கவிதா, காலை 7.20
சித்தப்பா, உங்கள் தெருக்காரருக்கு அநேகமாக இன்னும் சிறுநீர் நன்றாகப் போகிறது என்று நினைக்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தது என்று சொன்னாலும், சிலருக்கு மீதமிருக்கும் சிறிதளவு செயல்பாடு இரவு பகலாக நீரையும் கழிவையும் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு 24 மணி நேரச் சிறுநீரை அளந்து பார்த்து, வாரம் இரண்டு முறை போதும் என்று மருத்துவர் முடிவு செய்வது உண்டு. நம் நாட்டில் இரண்டு முறை செய்துகொள்பவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில் வருபவர்கள் அல்லர்; பேருந்துச் செலவும், கூட வருபவரின் ஒரு நாள் கூலியும் சேர்ந்துதான் பலருக்கு எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன. பெரியப்பாவுக்கு நாள் முழுவதும் சேர்த்து ஒரு டம்ளர் அளவுகூடச் சிறுநீர் வருவதில்லை. குடித்த நீர் வெளியே போக இயந்திரத்தை விட்டால் வேறு வழி பெரிதாக இல்லை.

இப்போது நாட்களை எண்ணிப் பாருங்கள். திங்கள், புதன், வெள்ளி என்று வரும்போது, வெள்ளியிலிருந்து திங்கள் வரையிலான மூன்று நாள் இடைவெளிதான் அவருக்கு வாரத்திலேயே மிக நீண்டது. வெள்ளியை விட்டால் அது புதனிலிருந்து திங்கள் வரை ஐந்து நாளாகிவிடும். அமெரிக்காவில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளைக் கவனித்து 2011இல் வெளியான ஆய்வொன்றில், வழக்கமான அந்த மூன்று நாள் இடைவெளி முடியும் நாளிலேயே மரணமும் இதயக் கோளாறுக்கான மருத்துவமனைச் சேர்க்கையும் மற்ற நாட்களைவிட அதிகமாக இருந்தன. அதற்கே அப்படியென்றால் ஐந்து நாளை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குமரேசன், காலை 7.31
சரி அம்மா, மரணம் என்றெல்லாம் கல்யாண வீட்டில் எழுத வேண்டாம். திங்கட்கிழமை நான்கு மணி நேரத்திலேயே எல்லா நீரையும் எடுத்துவிட முடியாதா? அதற்குத்தானே இயந்திரம்?

கவிதா, காலை 7.58
இயந்திரத்தால் முடியும், உடம்பால் முடியாது. பெரியப்பாவின் உலர் எடை, அதாவது அதிக நீர் எதுவும் தேங்காத நிலையில் இருக்க வேண்டிய எடை, 58 கிலோ. அவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ ஏறுகிறது. அந்த ஏற்றம் அனேகமாக முழுவதும் நீர்தான். ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் நீரை இழுத்தால் இதயத்துக்குக் கேடு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், டயாலிசிஸ் பிரிவில் நாங்கள் அந்த எல்லையைத் தாண்டாமல் இருக்கப் பார்ப்போம். அதன்படி நான்கு மணி நேரத்தில் அவரிடமிருந்து எடுக்கக்கூடியது சுமார் மூன்று லிட்டர்தான். ஐந்து நாள் சேர்ந்த ஐந்து லிட்டரையும் அதே நேரத்தில் எடுத்தால் வேகம் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 21 மில்லியைத் தாண்டிவிடும்.

நம் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் போடுவதை நினைத்துப் பாருங்கள். ஊற்று சுரப்பதைவிட வேகமாக இறைத்தால், சுற்றிலும் மண்ணில் ஈரம் இருக்கும்போதே கிணறு வறண்டு மோட்டார் காற்றை இழுக்கும். இயந்திரம் இரத்தத்திலிருந்து மட்டுமே நீரை எடுக்கிறது. காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் தேங்கியிருக்கும் நீர் இரத்தக் குழாய்க்குத் திரும்பி வர நேரம் பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டால், கால் வீக்கம் அப்படியே இருக்கும்போதே இரத்த அழுத்தம் சரிந்து, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, ஆள் மயங்கிவிடுவார்.

நடராசன், காலை 8.15
கவிதா சொல்லும் அந்தக் கெண்டைக்கால் பிடிப்பை நான் அனுபவித்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு அது விளங்காது. மூன்று கிலோவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு போகும் நாளில், வீடு திரும்பிய பிறகும் இரவு வரை எழுந்து நடக்க மனம் வராது.

செந்தில், காலை 8.40
அப்பா, சென்னையில் வேறொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்கலாமா? அடிக்கடி செய்வதுதான் நல்லது என்றால் தினமும் ஏன் செய்வதில்லை என்பதும் என் சந்தேகம், கவிதா.

நடராசன், காலை 8.52
இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் நடந்தது நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். வடநாட்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சிறுநீரக நோயாளிகள் இங்கே வந்து அறை எடுத்துத் தங்கும்போது, காட்பாடியில் இருக்கும் நான் எதற்குச் சென்னைக்கு வர வேண்டும்?

கவிதா, காலை 9.25
செந்தில் அண்ணா, உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். வாரம் மூன்று முறை செய்பவர்களையும் ஆறு முறை செய்பவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. ஆறு முறை செய்தவர்களுக்கு இதயத்தின் சுவர்த் தடிப்புக் குறைந்தது, இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் குறைவான நீரை மெதுவாக எடுத்தால் போதும் என்பது அதற்கு முக்கியமான காரணம். ஆனால் கையிலுள்ள ஃபிஸ்டுலாவை, அதாவது ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருக்கும் இடத்தை, அடிக்கடி குத்துவதால், அதைச் சரிசெய்யும் சிகிச்சைகள் அவர்களுக்கு அதிகம் தேவைப்பட்டன. தவிர, வாரத்தில் ஆறு நாளும் மருத்துவமனையில் கழிக்கும் வாழ்க்கையை யார் விரும்புவார்கள்? நீர் அதிகமாக ஏறியிருந்தால் அன்றைக்கு மட்டும் நேரத்தைக் கூட்டுவதோ, இடையில் ஒரு முறை கூடுதலாகப் போடுவதோ நடைமுறையில் உள்ளதுதான். மற்றொரு வழி வயிற்று வழி டயாலிசிஸ். அதில் வீட்டிலேயே தினமும் மூன்று நான்கு முறை திரவப் பையை மாற்றுவதால் நீர் சிறிது சிறிதாக வெளியேறும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் கைச்சுத்தம் சற்றே தவறினாலும் வயிற்றுக்குள் கிருமித் தொற்று வந்துவிடும் என்பதால், அதைக் கல்யாண வாரத்தில் பேச வேண்டாம்.

லலிதா, காலை 9.40
எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். வெயில் இப்படிக் கொளுத்தும்போது அவர் தண்ணீர் கேட்டால் நான் எப்படி இல்லையென்று சொல்வது?

கவிதா, காலை 10.10
பெரியம்மா, தண்ணீரை மறைத்து வைப்பதால் பயனில்லை, உப்பைத்தான் மறைத்து வைக்க வேண்டும். உடம்பிலுள்ள திரவம் லிட்டருக்குச் சுமார் ஒன்பது கிராம் உப்பு என்ற அளவிலேயே இருக்கப் பார்க்கும். ஒன்பது கிராம் உப்பு உள்ளே போய், வெளியேற வழியில்லாமல் நின்றால், ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும்வரை தாகம் விடாது. எனவே உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வதை நான் கொடுமை என்றே சொல்வேன். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது எல்லா உணவிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிக்குள், நிறுத்தப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம் நான்கும் அவர் இலையில் வேண்டாம்.

தண்ணீரின் அளவு, முந்தைய நாள் போன சிறுநீரோடு அரை லிட்டர் சேர்த்தது என்பது பொதுவான கணக்கு. அவருடைய மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் செல்லும். ரசம், மோர், கூழ், காபி, தர்பூசணி, ஐஸ் கட்டி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்து, சிறிய டம்ளரில் கொடுங்கள். இடையில் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். வேர்வையில் எவ்வளவு போனது என்பதை நாம் ஊகிக்க வேண்டாம், தினமும் காலையில் எடை பார்த்தால் தெரிந்துவிடும்.

குமரேசன், காலை 10.22
உப்புக்குப் பதிலாகச் சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று கடையில் விற்கிறார்கள். கல்யாணத்தன்று இளநீருக்கும் சொல்லியிருக்கிறோம்.

கவிதா, காலை 10.30
இரண்டும் வேண்டவே வேண்டாம், சித்தப்பா. அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்த்திருக்கிறார்கள். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால், முன்னறிவிப்பே இல்லாமல் இதயத் துடிப்பு நின்றுவிடலாம். இடைவெளி நீண்டால் ஏறுவது நீர் மட்டும் அல்ல.

சரோஜா, காலை 10.45
எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படியானால் வியாழக்கிழமையே முடித்துவிட்டு வரட்டும்.

கவிதா, காலை 11.02
வியாழனைவிடச் சனிக்கிழமை நல்லது அத்தை. வியாழனுக்கு மாற்றினால் புதனுக்கு மறுநாளே செய்துவிட்டு, அடுத்த திங்கள் வரை நான்கு நாள் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை செய்தால் புதனிலிருந்து மூன்று நாள், பிறகு திங்கள் வரை இரண்டே நாள். அவருக்குப் பழகிய இடைவெளியை எங்கும் தாண்டவில்லை. ஆனால் அது செவ்வாய், வியாழன், சனி நோயாளிகளின் நாள் என்பதால், இயந்திரம் காலியாக இருக்கிறதா என்று இன்றே கேட்க வேண்டும். நாள் மாற்றத்துக்கு மருத்துவரின் சம்மதமும் வேண்டும்.

லலிதா, மாலை 4.35
மருத்துவர் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை பிற்பகல் ஷிஃப்டில் இடம் கொடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை உலர் எடைக்குச் சரியாகக் கொண்டுவந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சரோஜா, மாலை 4.50
சமையற்காரரிடம் அண்ணனுக்குத் தனியாக உப்புக் குறைத்து, சோறும் ஒரு பொரியலும் வைக்கச் சொல்லிவிட்டேன்.

நடராசன், மாலை 4.58
பாயசத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே.

கவிதா, மாலை 5.05
கால் டம்ளர், அதுவும் தண்ணீர்க் கணக்கில், பெரியப்பா. சீர்த்தட்டை ஃபிஸ்டுலா உள்ள கையால் தூக்க வேண்டாம். வெள்ளி இரவு படுத்தால் மூச்சு வாங்கி, உட்கார்ந்தால்தான் சரியாகிறது என்றால், சனிக்கிழமை வரை காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

குமரேசன், மாலை 5.12
என் கார் மண்டபத்து வாசலிலேயே நிற்கும். ஆம்பூரிலிருந்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் வேலூருக்கு வந்துவிடலாம். சனிக்கிழமை மருத்துவமனைக்கும் நானே அழைத்துப் போகிறேன்.