காலிங்வுட் விருதுக்கு ஏன் பாப் ரோஸ் பெயர்?

கேள்வி:
மெல்பர்னுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகன் ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்பான காலிங்வுட்டின் ரசிகனாகிவிட்டான்; கறுப்பு வெள்ளைச் சட்டையைத் துவைக்கப் போட்டால்கூடச் சண்டைக்கு வருகிறான். இறுதிச் சுற்றில் சிறப்பாக ஆடும் வீரருக்குக் கிளப் தரும் விருது பாப் ரோஸ் பெயரில் இருக்கிறது. ஆனால் காலிங்வுட் பயிற்சியாளராக அவர் ஒரு கோப்பையும் வென்றதில்லையாமே? நார்ம் ஸ்மித் பதக்கமும் இதுவும் ஒன்றா?

பதில் 1:
ஒன்றல்ல. நார்ம் ஸ்மித் பதக்கம், கோப்பை யாருக்கு என்று முடிவாகும் கிராண்ட் ஃபைனல் என்ற ஒரே ஆட்டத்தின் சிறந்த வீரருக்கு லீக் தருவது. 1979இல் தொடங்கியது. தோற்ற அணிக்காரரும் வாங்கலாம். 2002இல் காலிங்வுட் தோற்றும் நேதன் பக்லி வாங்கினார். பாப் ரோஸ் விருது கிளப்பின் சொந்த விருது, இறுதிச் சுற்று முழுவதற்கும்.

பதில் 2:
தம்பி, நான் இந்த ஊருக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து காலிங்வுட்தான். பாப் ரோஸை முதலில் வீரராகப் பாருங்கள். 152 ஆட்டங்கள், 214 கோல்கள், கிளப்பின் சிறந்த வீரருக்கான கோப்லண்ட் கோப்பை நான்கு முறை. 1953இல் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார்.

பயிற்சியாளராக வந்த பிறகுதான் சோதனை. 1964இல் மெல்பர்ன் அணியிடம் 4 புள்ளி, 1966இல் செயின்ட் கில்டாவிடம் 1 புள்ளி, 1970இல் கார்ல்டனிடம் 10 புள்ளி. மூன்று கிராண்ட் ஃபைனல்களையும் சேர்த்து வெறும் 15 புள்ளிகளில் தோற்றார்! 1966இல் செயின்ட் கில்டாவின் பாரி பிரீன் உதைத்த பந்து தடுமாறி உருண்டு, ஆறு புள்ளி தரும் கோல்கூட ஆகாமல், ஒற்றைப் புள்ளியாகப் போனது. கோப்பையும் அதோடு போனது. 1970இல் 121,696 பேர் பார்த்துக்கொண்டிருக்க, பாதி ஆட்டத்தில் எங்களுக்கு 44 புள்ளி முன்னிலை; அப்படியும் தோற்றோம். அந்த ஆட்டப் பதிவை இன்றும் என்னால் முதல் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். 1964இல் எதிரணிப் பயிற்சியாளர் யார் தெரியுமா? நார்ம் ஸ்மித். அன்று எதிரெதிரே நின்ற இருவர் பெயரில்தான் நீங்கள் கேட்ட இரண்டு விருதுகளும் இருக்கின்றன. வென்றவர் பெயர் லீக்குக்கு, தோற்றவர் பெயர் எங்களுக்கு. எனக்கு இதில் குறையே இல்லை. இறுதிச் சுற்றின் அருமை அவரைவிட யாருக்குத் தெரிந்திருக்கும்?

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. மகனிடம் படித்துக் காட்டினேன். 1964இல் கடைசி கோல் போட்ட மெல்பர்ன் அணியின் நீல் கிராம்ப்டன் பின்கள வீரர் என்று கண்டுபிடித்துவிட்டான். அவர் எப்படி முன்னால் வந்தார் என்று கேட்கிறான்.

பதில் 2:
அவர் காவல் காத்த காலிங்வுட் வீரர் பந்தைத் தேடி ஓடினார். இவரும் அவரை விடாமல் பின்னாலேயே ஓடிவந்தார். பந்து இவர் கைக்கு வந்து சேர்ந்தது.