கரிசல் மண்ணில் உறிஞ்சுகுழி: எங்கள் தெருவின் அனுபவம்

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் இருக்கிறது. தெருக்குழாயில் குடம் வைத்து வரிசையில் நின்ற காலத்தில் கழிவுநீர் என்று தனியாக ஒரு கவலை எங்களுக்கு இருந்ததில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கை மரத்துக்கே போதாது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகுதான், ஐந்து பேர் உள்ள வீட்டிலிருந்து தினமும் ஏறத்தாழ 200 லிட்டர் வெளியே வரும் என்பதைக் கண்ணால் கண்டோம். அது வாறுகால் வழியே ஓடி ஊருணியில் கலந்தது.

அந்தத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கிவிட, நூறு நாள் வேலையில் வீட்டுக்கு ஓர் உறிஞ்சுகுழி வெட்டிக் கொடுத்தார்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர். அடியில் பெரிய கல், மேலே சல்லி, அதற்கும் மேலே துளையிட்டுத் தேங்காய் நார் அடைத்த ஒரு பானை. கோடை முழுவதும் குழி விட்ட தண்ணீரையெல்லாம் குடித்தது. கரிசல் காயும்போது கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் என்பதும், நனைந்தால் உப்பி அத்தனை வெடிப்பையும் மூடிக்கொள்ளும் என்பதும் இங்கே பருத்தி விதைக்கிற எவருக்கும் தெரியும். இருந்தும் குழி வெட்டும்போது எங்களில் ஒருவருக்குக்கூட அது நினைவுக்கு வரவில்லை. கார்த்திகை மழையில் குழி நிரம்பி, சாம்பல் நிற நுரையோடு வாசலில் வழிந்தது. எதிர் வீட்டு ஆச்சி, “தண்ணியக் குடிக்கும்னுதான குழி வெட்டுனீக, இது வாந்தியெடுக்குதே!” என்றார்.

சிறு குழியில் இரவு முழுக்கத் தண்ணீர் ஊறவைத்து, மறுநாள் நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பதுதான் இதற்கான சோதனை. அறுபது நிமிடத்தைத் தாண்டினால் அந்த மண்ணுக்கு உறிஞ்சுகுழி ஆகாது. நாங்கள் பிறகு செய்து பார்த்தபோது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு குடம் தண்ணீரும் ஒரு அளவுகோலும் போதும் என்ற இந்தச் சோதனையை எவரும் முன்பே செய்யாததுதான் எனக்கு இன்றும் ஆற்றாமை.

பின்னர் ஊராட்சியில் பேசி, தெருக்கோடியில் கசடு தங்குவதற்கு ஒரு வண்டல் தொட்டியும், அதையடுத்துத் தார்ப்பாய் விரித்துச் சல்லி நிரப்பிய நீண்ட படுகையும் அமைத்து, அதில் கல்வாழை நட்டோம். கழிப்பறை நீரை இதில் சேர்க்கவில்லை. சமையலறை, குளியலறை நீர் மட்டுமே வருகிறது. சல்லியின் மேற்பரப்புக்குக் கீழேயே நீர் நகர்வதால் கொசு முட்டையிட இடமில்லை. கல்லிலும் வேரிலும் படியும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடுகின்றன. வெளிவரும் நீர் பள்ளிக்கூட வேலியோர வாழைகளுக்குப் போகிறது.

உண்மையான வேலை வண்டல் தொட்டியில்தான். சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு, சோப்புக் கசடு எல்லாம் அங்கேதான் தங்கும் (முதல் முறை வழித்தபோது மூன்று எவர்சில்வர் கரண்டிகள் கிடைத்தன, உரிமை கோரி ஐந்து வீட்டார் வந்தார்கள்). வாரம் ஒரு வீடு என்று முறை வைத்திருந்தோம். பங்குனிப் பொங்கல் சமயத்தில் அந்த முறை மூன்று வாரம் தவறியதில், கசடு படுகைக்குள் இறங்கி முதல் இரண்டு அடிச் சல்லி அடைத்துக்கொண்டது. அதை அள்ளி, கழுவி, காயவைத்துத் திரும்பப் போட இரண்டு நாள் ஆனது.