சேலம் லேபுக்கு ரோபோ வேண்டுமா?

மேட்டூரான்: 2020ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில், செயற்கை உயிரியல் (உயிரணுக்களின் மரபணுவை மாற்றி வடிவமைக்கும் துறை) ஆய்வுக்கு வைத்திருந்த, திரவங்களை அளந்து ஊற்றும் ரோபோக்களை கொரோனா பரிசோதனைக்குத் திருப்பினார்கள். அந்த முறையை அங்குள்ள அரசு லேப்களில் நிறுவியதும் நாளுக்கு 1000 மாதிரிகள் கூடுதலாகப் பார்க்க முடிந்தது. டெங்கு சீசனில் திணறும் நம்ம சேலம் லேபிலும் இதைக் கொண்டுவர வேண்டும் என்று மனு எழுதுகிறேன், நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்.

சேர்வராயன்: ஏற்காட்டில் கூலி போய்விடும் என்று காய்ச்சலோடேயே எஸ்டேட் வேலைக்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் மூன்று நாலு நாள் ஓடிவிடும். டெங்குவுக்கான என்எஸ்1 சோதனை முதல் ஐந்து நாளில்தான் நன்றாகப் பிடிக்கும். அப்புறம் ரத்த மாதிரி 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்கு வர வேண்டும். இதில் ரோபோ எந்த நேரத்தை மிச்சம் பிடிக்கும்?

லேப் கலா: டெங்குவைக் கண்டறியும் எலைசா ரத்தச் சோதனைத் தட்டில் 96 குழி. பத்துப் பேர் ரத்தம் என்றாலும், சோதனை சரியாக நடக்கிறதா என்று ஒப்பிட வைக்கும் கன்ட்ரோல் அதே அளவு செலவாகும். அதனால் இன்னும் கொஞ்சம் மாதிரி சேரட்டும் என்று காத்திருப்போம். பெரிய மெஷின் வந்தால் சீசன் இல்லாத மாதங்களில் இந்தக் காத்திருப்பு கூடத்தான் செய்யும்.

மேட்டூரான்: கலாக்கா, நான் வேகத்துக்காக மட்டும் கேட்கவில்லை. கொரோனா நேரத்தில் பல இடங்களில் மெஷின் இருந்தும் அதற்கேற்ற கம்பெனி கிட் கிடைக்கவில்லை. எந்தக் கம்பெனி ரீஏஜென்ட் (சோதனை ரசாயனம்) வந்தாலும் ஓடும்படி லண்டன்காரர்கள் அமைத்தார்கள். சோதனை சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க உயிருள்ள வைரஸும் தேவைப்படவில்லை. பாக்டீரியாவைத் தாக்கும் எம்எஸ்2 வைரஸின் புரத உறைக்குள் கொரோனாவின் மரபுப்பொருளான ஆர்என்ஏவின் துண்டை அடைத்து, தொற்றாத துகளைத் தாங்களே தயாரித்தார்கள். செய்முறையையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். டெங்குவுக்கும் இப்படி நாமே செய்துகொள்ளலாம்.

சேர்வராயன்: அந்தத் துகள் நல்ல விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஆய்வில், வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் லாம்ப் முறையையும் சோதித்தார்களே! பிசிஆர் போல சூட்டை ஏற்றி இறக்க வேண்டாம், 65 டிகிரி ஒரே சூடு போதும். அதை டெங்குவுக்குத் தயார்செய்து ஏற்காட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். வந்த அன்றே முடிவு கையில் கிடைக்கும்.

மேட்டூரான்: தயார்செய்வது யார்? நூற்றுக்கணக்கான குழிகளில் மைக்ரோலிட்டர் கணக்கில் ஒரே அளவாக ஊற்றி, எது பிடிக்கிறது எது தவறுகிறது என்று பார்க்க வேண்டும். கையால் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும். மலைக்கு லாம்ப் போக வேண்டுமானால் கீழே ரோபோ இருக்க வேண்டும்.

லேப் கலா: அப்படியென்றால் சர்வீஸ் ஒப்பந்தத்தையும் டெண்டரிலேயே எழுதச் சொல்லுங்கள் தம்பி. முன்பு நான் இருந்த லேபில் அது இல்லாமல் வாங்கிய கருவி, ஒரு பாகம் மாற்ற ஆள் வராமல் சீசன் முழுக்கச் சும்மா கிடந்தது.

சேர்வராயன்: மலையில் வைக்கும் லாம்ப் பெட்டியையும் மனுவில் சேர்த்து எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். வெறும் ரோபோ என்றால் போட மாட்டேன்.