அம்பாசடர் மார்க் 4 சாவி தொலைந்துவிட்டது, வழி சொல்லுங்க

வணக்கமுங்க. அப்பா வைத்திருந்த 1986 அம்பாசடர், மார்க் 4, பெட்ரோல். வண்டி கோபிச்செட்டிபாளையத்தில் நிற்கிறது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி தேருக்குப் போன இடத்தில், குதிரைச் சந்தைக் கூட்டத்தில் சாவிக்கொத்தே போய்விட்டது. மாற்றுச்சாவி கிடையாது. வண்டியை லாரியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம், மூன்று வாரமாகிறது.

ஈரோட்டிலிருந்து சாவி போடுபவரை வரவழைத்து, மொட்டைச் சாவியை அராவி அராவிப் பார்த்ததில் கதவு திறந்துகொண்டது, ஆனால் டேஷ்போர்டில் இருக்கும் இக்னீஷியனில் அதே சாவி பாதி நுழைந்து சிக்கிக்கொள்கிறது. பழைய சாவி பல் தேய்ந்து, வண்டி ஓடும்போதே உருவி எடுக்கிற அளவுக்கு ஆகியிருந்தது, அதனால் பூட்டுக்குள்ளும் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். டிக்கி சாவி வேறு, ஸ்டெப்னி உள்ளே மாட்டிக்கொண்டது. உக்கடத்தில் பழைய பூட்டு ஒன்று வாங்கினேன், அதற்கும் சாவி இல்லை (ஏன் வாங்கினேன் என்று வீட்டில் கேட்கிறார்கள்). ஒயரை அறுத்து நேரடியாக இணைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக், எனக்கு மனசு வரவில்லை.

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் இக்னீஷியன் பூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் தகடுகளைப் பார்த்துப் புதுச் சாவி வெட்டித் தருபவர் யாராவது இருக்கிறார்களா?