அமெரிக்க வண்டி, ஜப்பான் வண்டி: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

டெட்ராய்ட்_மேற்கு

மைலேஜ் பத்தி இங்கே எண்களா நிறையப் பேசியாச்சு. எனக்கு ஒரு சத்தம்தான் இன்னும் காதுல இருக்கு. அதுக்காகத்தான் இந்த இழை.

2009 ஆகஸ்ட். பழைய வண்டியைக் கொடுத்துட்டு மைலேஜ் கூடின புது வண்டி வாங்கினா அரசாங்கம் பணம் தர்ற திட்டம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். என்னோடது 98 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். கேலனுக்கு 16 மைல். 4,500 டாலர் கழிச்சாங்க, டொயோட்டா கொரோலா எடுத்தேன். கையெழுத்தெல்லாம் முடிஞ்ச பிறகு, க்ளவ் பாக்ஸ்ல ஒரு காகிதத்தை விட்டுட்டேன்னு ஞாபகம் வந்து டீலரோட பின்பக்க ஷெட்டுக்குப் போனேன்.

ஆயிலை இறக்கிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊத்தியிருந்தாங்க. எஞ்சினை மறுபடி யாரும் ஓட்டக் கூடாதுன்னு திட்டத்தோட விதி. வயசான மெக்கானிக் ஒருத்தர் ஆக்ஸிலரேட்டரை 2,000 சுற்றுல நிறுத்திப் பிடிச்சிருந்தார். முதல்ல ஒண்ணுமே ஆகல. நல்லாதான் ஓடுச்சு. அப்புறம் உள்ள மணல் அரைபடுற மாதிரி ஒரு சத்தம், அது ஏறிக்கிட்டே போய் ஒரு உதறலோட நின்னு போச்சு. வண்டியில ரேடியோ மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது.

அந்த வண்டியிலதான் என் பெரியவளை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அந்தத் திட்டத்துல கிட்டத்தட்ட 6,77,000 வண்டி போச்சு. அதிகமா ஒப்படைக்கப்பட்டது எக்ஸ்ப்ளோரர், அதிகமா வாங்கப்பட்டது கொரோலா. பின்னாடி அந்தப் பட்டியலைப் பார்த்தப்போ ரெண்டு வரிசையிலயும் நான் இருந்தேன். கொரோலாவுல எனக்கு ஒரு குறையும் இல்லை, கேலனுக்கு 30 மைல் கொடுத்தது. ஆனா ஓடுற எஞ்சினைக் கொன்னதை என்னால இன்னும் ஏத்துக்க முடியல.

கொலம்பஸ்_வாசி

எனக்கு நடந்தது ஒரு நிமிஷ விஷயம். ஆனா பன்னிரண்டு வருஷமா யோசிக்கிறேன்.

பெட்ரோல் போட்டுட்டு இருந்தேன், என் ஹோண்டா அக்கார்டுக்கு. பக்கத்து பம்ப்ல ஒரு பெரிய பிக்கப் ட்ரக். ஓட்டி வந்த பெரியவர் என் வண்டியைப் பார்த்து, ‘இந்த நாட்டுல சம்பாதிச்சு ஜப்பானுக்கு அனுப்புறீங்களே’ன்னார். கோபமா சொல்லல, வருத்தமா சொன்னார். எனக்குப் பதில் தயாரா இருந்தது. ‘ஐயா, இது இங்கேயே மேரிஸ்வில்ல செஞ்சது, 1982-ல இருந்து அங்கேதான் அக்கார்டு செய்றாங்க. உங்க பிக்கப்போட பாகங்க எந்தெந்த நாட்டுல இருந்து வந்ததுன்னு பாத்திருக்கீங்களா?’ன்னு கேட்டேன்.

அவர் பம்பை எடுத்து மாட்டினார். ‘தெரியும் தம்பி. என் மருமக அங்கேதான் வேலை பாக்குறா, கதவு மாட்டுற லைன்ல. இருந்தாலும்...’ன்னார். வாக்கியத்தை முடிக்கல. வண்டியில ஏறிப் போயிட்டார்.

அந்த ‘இருந்தாலும்’ என்னன்னு ஓஹையோவுல பதினஞ்சு வருஷம் இருந்த பிறகு கொஞ்சம் புரியுது. டேட்டன், லார்ட்ஸ்டவுன்ல எல்லாம் மூடின கார் தொழிற்சாலைக்குப் பக்கத்துல வீடு வாங்கினவங்களைப் பார்த்த பிறகு.

கணக்குவாத்தியார்_என்ஜே

டெட்ராய்ட் நண்பருக்கு: உங்க வருத்தம் புரியுது, ஆனா நீங்க செஞ்சது சரியான காரியம். எப்படின்னு சொல்றேன்.

என் கதை சின்னது. 2013-ல மனைவியோட வண்டி கேலனுக்கு 30 கொடுத்துட்டிருந்தது, அதை மாத்தி 50 தர்ற டொயோட்டா ப்ரியஸ் எடுத்தோம், பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டுற ஹைபிரிட். அதே வருஷம் என்னோட பழைய 15 மைல் வேனைக் கொடுத்துட்டு 20 மைல் வேன் எடுத்தேன். ஒரு விருந்துல ப்ரியஸைப் பத்தி எல்லாரும் விசாரிச்சாங்க, வேனைப் பத்தி ஒருத்தர்கூடக் கேட்கல. வீட்டுக்கு வந்து ரசீதுகளை எடுத்து வெச்சுக் கூட்டிப் பார்த்தேன். பாதி ராத்திரி வரைக்கும் தூக்கம் வரல.

வருஷத்துக்கு 12,000 மைல்னு வைங்க. 30-ல 400 கேலன், 50-ல 240. மிச்சம் 160. வேன்ல 15-க்கு 800 கேலன், 20-க்கு 600. மிச்சம் 200! வெறும் 5 மைல் கூடின வண்டிதான் அதிகமா மிச்சம் பிடிச்சது. கேலனுக்கு எத்தனை மைல்னு பார்க்கிற பழக்கமே நம்மளை ஏமாத்துது. 100 மைலுக்கு எத்தனை கேலன்னு பாருங்க, உண்மை தெரியும். டெட்ராய்ட் நண்பர் 16-ல இருந்து 30-க்குப் போனது வருஷத்துக்கு 350 கேலன். கொரோலாவுல இருந்து ஹைபிரிட் கொரோலாவுக்கு மாறுற யாரும் அதுல பாதிகூட மிச்சம் பிடிக்க முடியாது.

அதனால எல்லாரும் தயவுசெஞ்சு இதைச் செய்யுங்க. டேஷ்போர்டு காட்டுற மைலேஜை நம்பாதீங்க. டேங்கை நிரப்புங்க, ஓடோமீட்டரைக் குறிச்சு வைங்க, அடுத்த தடவை நிரப்பும்போது எத்தனை கேலன் பிடிச்சதுன்னு பார்த்து வகுத்துக்கோங்க. ஒரு தடவை போதாது, அஞ்சு தடவையாவது எடுத்துச் சராசரி பாருங்க. டயர் காத்து மாசம் ஒரு தடவை, காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி. குளிர்காலக் கணக்கையும் கோடைக் கணக்கையும் கலக்காதீங்க. 77 டிகிரியில கிடைக்கிறதைவிட 20 டிகிரி ஃபாரன்ஹீட்ல சாதாரண வண்டிக்கு ஊருக்குள்ள சுமார் 15 சதவீதம் குறையும். ஹைபிரிட்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல போகும், அதைப் பார்த்துட்டு பேட்டரி போச்சுன்னு டீலர்கிட்ட ஓடாதீங்க. கூரை மேல கேரியர் மாட்டியிருந்தா தேவையில்லாதப்போ கழட்டுங்க. 2008-க்கு முன்னாடி மாடலா இருந்தா அன்னைக்கு ஒட்டின மைலேஜ் ஸ்டிக்கரை நம்பாதீங்க, பரிசோதனை முறையையே அப்புறம் மாத்தினாங்க. 2004 ப்ரியஸுக்கு ஊருக்குள்ள 60-ன்னு போட்டிருந்தது, புது முறையில 48.

ஸ்காபுரோ_மாமா

வாத்தியார் சொன்ன கணக்கு எங்களுக்குப் புதுசில்லை. கனடாவிலை 100 கிலோமீற்றருக்கு எத்தினை லீற்றர் எண்டுதான் பாக்கிறது. ஆனா என்ரை கதையிலை அந்தக் கணக்கும் காணாது.

93ஆம் ஆண்டு. மச்சான்ரை பழைய அமெரிக்கன் கார், எட்டு சிலிண்டர், முன் சீற் வாங்கு மாதிரி ஒரே நீளம். முன்னுக்கு மூண்டு பேர், பின்னுக்கு மூண்டு பேர். ஆறு பேரும் ஒரே தொழிற்சாலை, இரவு வேலை. ஆளுக்குக் கிழமைக்கு அஞ்சு டொலர் பெற்றோலுக்குத் தருவினம். கார் 15 லீற்றர் குடிக்கும். எனக்கு அது பெரிய கவலை. ஊருக்குக் காசு அனுப்ப வேணும், கடன் வேறை. அடுத்த வருசம் பழைய ஹோண்டா சிவிக் ஒண்டு எடுத்தன். 8 லீற்றர். குளிர் உடுப்போடை அதுக்கை நாலு பேருக்கு மேலை ஏலாது.

முதல் நாள், மாசி மாசம், ஃபிஞ்ச் பஸ் தரிப்பிலை ரெண்டு பேரை விட்டிட்டுப் போனன். ரெண்டு பேரும் என்னிலும் வயசு கூடின ஆக்கள். ஒராள் யாழ்ப்பாணத்திலை பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவர். ‘நீங்கள் போங்கோ தம்பி, எங்களுக்கு பஸ் இருக்குத்தானே’ எண்டு சொல்லி, சாப்பாட்டுப் பெட்டியைக் கமக்கட்டுக்கை வைச்சுக்கொண்டு கையைக் கோட்டுக்குள்ளை விட்டார். கண்ணாடியிலை பாத்தன், சந்தி திரும்பும்மட்டும் நிண்டவர்.

பிறகு ஒருநாள் கணக்குப் பாத்தன். 15ஐ ஆறாலை பிரிச்சா இரண்டரை. 8ஐ நாலாலை பிரிச்சா ரெண்டு. ஆளுக்கு அரை லீற்றர்தான் வித்தியாசம். அந்த அரை லீற்றருக்கு நான் அவரைப் பனிக்குள்ளை விட்டிட்டு வந்தனான்.

சிவிக் நல்ல கார். இஞ்சை ஒன்ராறியோவிலை அலிஸ்ரனிலை செய்யிறது, இருபது வருசத்துக்கு மேலை கனடாவிலை ஆகக் கூட விற்பனையான காரும் அதுதான். என்ரை பிள்ளையளும் அதைத்தான் ஓடினவை.

ஃப்ரீமாண்ட்_பழசு

மாமா, படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணல.

என்னுது விற்பனை சம்பந்தப்பட்டது. பெயர்ப்பலகைதான் விக்குது, வண்டி இல்லைன்னு எனக்குத் தெரிஞ்ச நாள். 2003-ல என் ப்ரிஸத்தை விக்க விளம்பரம் போட்டேன். தெரியாதவங்களுக்கு: இங்கே கலிஃபோர்னியா ஃப்ரீமாண்ட்ல ஜி.எம்.மும் (ஜெனரல் மோட்டார்ஸ்) டொயோட்டாவும் சேர்ந்து 1984-ல இருந்து நடத்தின தொழிற்சாலை. டொயோட்டாவோட கொரோலாவும் ஜி.எம்.மோட ப்ரிஸமும் ஒரே லைன்ல, ஒரே ஆளுங்க கையால வந்தது. எஞ்சின் ஒண்ணு, கியர் ஒண்ணு. முன்னாடி ஒட்டின சின்னம் மட்டும் வேற.

படிக்க வந்த பையன் ஒருத்தன் பார்க்க வந்தான், நம்ம ஊர்ப் பையன்தான். பானெட்டைத் திறந்து டொயோட்டான்னு அச்சடிச்ச பாகங்களைக் காட்டினேன். கதவோரம் இருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். பொறுமையா எல்லாத்தையும் பார்த்துட்டு, ‘அண்ணா, வீட்டுல கொரோலா வாங்குன்னுதான் சொல்லியிருக்காங்க’ன்னான். எங்க தெருவுலயே இன்னொருத்தர் வித்த கொரோலாவை 1,500 டாலர் அதிகமா கொடுத்து எடுத்தான். அதே தொழிற்சாலை, அதே வருஷ மாடல், என்னோடதைவிட 20,000 மைல் கூட ஓடினது.

அவனைத் தப்பு சொல்ல மாட்டேன். திருப்பி விக்கும்போது அவனுக்கும் அந்தச் சின்னம்தான் காசு கொடுத்திருக்கும். அந்தத் தொழிற்சாலையில கடைசி வண்டி 2010 ஏப்ரல்ல வந்தது, அதுவும் கொரோலாதான். இப்போ அங்கே டெஸ்லா.

லிவோனியா_பொறியாளர்

இங்கே எல்லாரும் டெட்ராய்ட் கம்பெனிகளுக்கு மைலேஜ் வண்டி செய்யத் தெரியலைங்கிற மாதிரியே பேசுறீங்க. அது சரியில்லை. என் சம்பவத்தைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வரேன்.

2007 ஜனவரி, முதல் வேலை, உதிரிபாகம் செய்ற கம்பெனி. வாடிக்கையாளர் தொழிற்சாலைக்கு மாதிரிப் பாகங்களை எடுத்துட்டுப் போனேன். கேட்ல இருந்த காவலர் என் காரோட சின்னத்தைப் பார்த்தார். அவங்க தயாரிப்பு இல்லாத வண்டிக்கு இடம் கடைசி மைதானம்தான்னு கையைக் காட்டினார். பக்கத்து வாகன நிறுத்தத்துல நூறு இடம் காலியா இருந்தது. பன்னிரண்டு கிலோ பெட்டியைத் தூக்கிட்டு பனியில நடந்தேன், ரெண்டு தடவை கீழே வெச்சு எடுத்தேன். உள்ளே போனதும் ஒருத்தர் ‘எந்த மைதானத்துல நிறுத்தினே?’ன்னு கேட்டார், பக்கத்துல இருந்தவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவங்க வீட்டு வாசல்ல என்ன வண்டி நின்னதுன்னு எனக்குப் பிறகு தெரிய வந்தது.

இப்போ விஷயம். ஃபோர்டு 2004-லயே எஸ்கேப் ஹைபிரிட் விட்டுட்டாங்க, அமெரிக்காவுல செஞ்ச முதல் ஹைபிரிட் அது. தெரியாம இல்லை. லாபம் ட்ரக்ல இருந்தது. 1975 சட்டம் கார்களுக்கு 1985-க்குள்ள சராசரியா கேலனுக்கு 27.5 மைலாவது வரணும்னு வெச்சது, ட்ரக்குக்குத் தனியா, குறைவா வெச்சது. வெளிநாட்டு ட்ரக்குக்கு 1964-ல இருந்தே 25 சதவீத வரி. ரெண்டு பக்கமும் மதில் கட்டிக் கொடுத்த வயலை யார் விட்டுட்டு வருவாங்க? 1977-ல இருந்து இந்த நாட்டுல அதிகம் விக்கிற பிக்கப் ஃபோர்டு எஃப்-சீரிஸ்தான். ஜப்பான்காரங்க அதே வயல்ல இறங்கினப்போ என்ன செஞ்சாங்க? சான் அன்டோனியோவுல செஞ்ச டொயோட்டா டன்ட்ரா பிக்கப்போட 5.7 லிட்டர் எஞ்சினும் கேலனுக்கு 15, 16தான் கொடுத்தது. நாடு காரணம் இல்லை, என்ன வண்டி விக்கிறாங்கங்கிறதுதான் காரணம்.

ஆனா ஒண்ணை ஒத்துக்கணும். ட்ரக் லாபம் வந்தபோதும் ஜப்பான்காரங்க செடானை விடல. டெட்ராய்ட்காரங்க விட்டுட்டாங்க. ஃபோர்டு 2018-ல அறிவிச்சாங்க, ஜி.எம்.மோட மாலிபுவும் 2024-ல நின்னு போச்சு. டொயோட்டா கேம்ரியை இப்போ ஹைபிரிட்டா மட்டும்தான் விக்கிறாங்க, கேலனுக்கு 51 வரைக்கும். 2021-ல டொயோட்டா இந்த நாட்டு விற்பனையில ஜி.எம்.மை முந்தினப்போ, 1931-க்குப் பிறகு ஜி.எம். முதலிடத்தை இழந்தது அதுதான் முதல் தடவை. சிப் தட்டுப்பாடு ஒரு காரணம். அன்னைக்கு ஆபீஸ்ல யாரும் அதைப் பத்திப் பேசல. நான் அந்த வேலையைப் பதினெட்டு வருஷமா நேசிச்சுச் செய்றேன். அதனாலதான் கோபம்.

கணக்குவாத்தியார்_என்ஜே

பொறியாளர் அம்மா, டன்ட்ராவைப் பத்திச் சொன்னது நியாயம். ஒத்துக்கறேன். ஆனா அந்த 2009 திட்டத்துல அதிகம் வாங்கின முதல் அஞ்சு வண்டியில ஃபோர்டு ஃபோகஸும் இருந்தது. சின்ன வண்டி செஞ்சா மக்கள் வாங்கத் தயாராதான் இருந்தாங்க.

கொலம்பஸ்_வாசி

டெட்ராய்ட் அண்ணா, ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன். எஞ்சின் நின்ன பிறகும் ரேடியோவை ஏன் அணைக்கல?

டெட்ராய்ட்_மேற்கு

நான் கையை நீட்டினேன் தம்பி. மெக்கானிக்தான் வேண்டாம்னார். ரேடியோவுல டெட்ராய்ட் டைகர்ஸோட பேஸ்பால் ஆட்டம் ஓடிட்டிருந்தது, எட்டாவது இன்னிங்ஸ். ஆட்டம் முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கேயே நின்னோம்.